வரி நோட்டும் தரை டிக்கெட்டும்

ரோஜா படத்துப் பாட்டை உலகம் கேட்பதற்கு முன்னால் கேட்டவள் என் அம்மா. இது அவளே சொல்லிக்கொள்ளும் பெருமை. எங்கள் ஊர் சுந்தரபாண்டியபுரத்தில் படப்பிடிப்பு நடந்தபோது அவள் கல்யாணமாகி வந்த புதுசு. "ஒரே பாட்டத் திருப்பித் திருப்பிப் போட்டாவ. கொடத்த எறக்கி வச்சிட்டு நின்னுட்டோம். வெயிலு ஏறுனதே தெரியல" என்பாள். யார் இசை என்று அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு யாருக்குமே தெரியாது. 1992 ஆகஸ்ட் 15-ஆம் தேதி படம் வெளியான பிறகுதான் ஏ.ஆர். ரஹ்மான் என்ற பெயர் வீடுகளுக்குள் நுழைந்தது. படத்தில் நாயகியின் ஊருக்கும் எங்கள் ஊர்ப் பெயர்தான்.

அந்தப் பாட்டுகளை மேடையில் நேராகக் கேட்க அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வேலை கிடைத்து சென்னைக்கு வந்த இரண்டாவது வருஷம், ஒரு பெரிய கச்சேரியின் டிக்கெட் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு அவளிடம் பேசினேன். இருப்பதிலேயே குறைந்த டிக்கெட் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அம்மா பீடி சுற்றுகிறவள். ஆயிரம் பீடிக்குக் கூலி முந்நூறைத் தொடாது. மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, "ரெண்டு பேருக்குன்னா பதினஞ்சு நா தட்டு மடியில இருக்கணும்லா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அது சரிய்யா, முன்னால உக்காந்தா பாட்டு வேற மாதிரியா கேக்கும்?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. அதற்கான பதிலைத் தேடப்போய்தான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் பக்கத்தில் இசைக்கு விலை கிடையாது, வரி உண்டு. கோயில் கொடைக்கு இரண்டு மாதம் முன்பே நோட்டோடு ஆள் வருவார். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கும். மாடி வீடோ ஓட்டு வீடோ, வரி ஒன்றுதான். வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், இரண்டாம் நாள் ராத்திரி மெல்லிசைக் கச்சேரி எல்லாம் அந்தப் பணத்தில்தான். வரி கட்டியவரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், விருந்துக்கு வந்த சம்பந்திவீட்டார், பக்கத்து ஊர்க்காரர்கள் என யாரும் வந்து உட்காரலாம். முதலில் சாக்கை விரித்தவருக்கு முன்னிடம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தை எங்கள் தாத்தா தலைமுறை கேட்டது இப்படித்தான். எத்தனை கோயில் வாசலில் எத்தனை ஆயிரம் பேர் அவரை ஒரு பைசா கொடுக்காமல் கேட்டிருப்பார்கள்!

இப்படி எழுதும்போதே எனக்குத் தொண்டையில் ஒன்று சிக்குகிறது. வரி நோட்டில் எல்லார் பெயரும் இருந்ததில்லை. வரி கட்டுவது சுமை மட்டுமல்ல, உரிமையும்கூட. "உங்ககிட்ட வரி வாங்குறதில்ல" என்று ஒரு தெருவைப் பார்த்துச் சொன்னால், நீங்கள் இந்தக் கொடையில் சேர்த்தி இல்லை என்று அர்த்தம். தென் மாவட்டங்களில் கோயில் வரியை வாங்க மறுத்ததால் வந்த தகராறுகள் கொஞ்சமல்ல. என் சின்ன வயசில் மைக் செட்டின் வெளிச்சம் முடிகிற இடத்தில், வேலி ஓரமாகச் சிலர் நின்றே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஏன் உட்காரவில்லை என்று நான் யாரையும் கேட்டதில்லை. பாட்டு அவர்களுக்கும் இலவசம்தான். உட்காரும் இடம்தான் இல்லை.

அரண்மனைகளும் இப்படித்தான் இருந்தன. எட்டயபுரமோ ராமநாதபுரமோ, வித்துவானுக்கு ஜமீன் சம்மானம் கொடுக்கும். கேட்பவர் காசு தர வேண்டாம். ஆனால் கேட்கிற இடத்துக்கு உங்களை யாராவது அழைத்திருக்க வேண்டும்.

*

ஆகவே டிக்கெட் என்ற சின்னத் துண்டுக் காகிதம் வந்தபோது, அது ஒரு கதவைத் திறந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே மலையின் அடியில் இருக்கிறது செங்கோட்டை. 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அங்கே 1906-இல் பிறந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில் நாடகக் கம்பெனிக்குப் போனவர். மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்ந்த குரல் அது. இலங்கை வரை போய் நடித்தார். கே.பி. சுந்தராம்பாளும் அவரும் சேர்ந்து மேடையேறினால் ஊர் திரளும். 1927-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். 1933-இல், 27 வயதிலேயே கிட்டப்பா இறந்துபோனார். துக்கத்தில் ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935-இல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அழைத்து வந்தார்கள். அன்றைக்கு அது நம்ப முடியாத தொகை.

அந்த லட்சத்துக்குப் பின்னால் எந்த ராஜாவும் இல்லை. அணாக்கணக்கில் டிக்கெட் வாங்கிய லட்சக்கணக்கான ஆட்கள்தான் அந்தத் தைரியத்தைத் தயாரிப்பாளருக்குக் கொடுத்தவர்கள். வண்டியோட்டி, சுமைக்காரர், கடைச் சிப்பந்தி என யார் வேண்டுமானாலும் காசைக் கொடுத்தால் உள்ளே போகலாம். கவுண்டரில் காசைத்தான் பார்த்தார்கள்.

கர்நாடக இசையிலும் இதே காலத்தில்தான் மாற்றம் நடந்தது. 1900-இல் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபை தொடங்கியது. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928-இல் மியூசிக் அகாதமி பிறந்தது. அரசவையும் கோயிலும் விட்ட இடத்தைச் சந்தாதாரரும் டிக்கெட்காரரும் பிடித்தார்கள். கூட்டம் கூடுகிற இடத்தில் அரசாங்கமும் கை நீட்டியது. 1939-இல் சென்னை மாகாணத்துக்குக் கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. வரி நோட்டிலிருந்து தப்பித்து டிக்கெட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒரு வரி!

சபாவில் எல்லாருக்கும் கதவு திறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்தாலும் உள்ளே நுழையக் கூசிய ஆட்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் சினிமாக் கொட்டகையில் ஓர் அதிசயம் நடந்தது. தரை டிக்கெட், பெஞ்ச், சேர் என்று மூன்று விலை. இதில் தரை டிக்கெட்காரர்தான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தால் அவர்தான் ராஜா. விசில் அங்கிருந்துதான் கிளம்பும். படம் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்தது அந்தத் தரைதான். விலை குறைந்த இடமும் முக்கியமான இடமும் ஒன்றாக இருந்தன.

*

பெரிய கச்சேரிகளில் இது தலைகீழ். கோல்ட்பிளே குழு 2025 ஜனவரியில் மும்பையிலும் அகமதாபாத்திலும் பாட வந்தபோது, மும்பைக்கான டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை போனது. விற்பனை தொடங்கிய 2024 செப்டம்பர் 22 அன்று லட்சக்கணக்கானவர்கள் இணைய வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த சில மணி நேரத்தில் அதே டிக்கெட் மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலைக்கு வந்தது. கொட்டகை வாசலில் பிளாக்கில் விற்கிற அண்ணனின் வேலையை இப்போது இணையம் செய்கிறது. ஒரே வித்தியாசம், அந்த அண்ணனிடம் பேரம் பேசலாம்.

ரோஜாவுக்கு இசையமைக்க ரஹ்மான் வாங்கியதாகப் பரவலாகச் சொல்லப்படும் தொகை 25,000 ரூபாய். அன்றைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல, தெரியும். இருந்தாலும் ஒரு படத்தின் மொத்த இசைக்கான கூலியைவிட ஒரு ராத்திரியின் ஒரு நாற்காலி அதிகம் என்பதை எழுதும்போது விரல் கொஞ்சம் தயங்குகிறது.

இது புதிய பேராசை என்றும் சொல்லிவிட முடியாது. 1850-இல் ஜென்னி லிண்ட் என்ற ஸ்வீடன் பாடகியை பார்னம் நியூயார்க்குக்கு அழைத்து வந்தபோது டிக்கெட்டை ஏலம் விட்டார். முதல் டிக்கெட்டை ஒரு தொப்பி வியாபாரி 225 டாலருக்கு எடுத்தார். பாட்டுக் கேட்கவா எடுத்தார்? பெயர் பேப்பரில் வரவும் தொப்பி விற்கவும்தான். 1994-இல் பேர்ல் ஜாம் என்ற ராக் குழு, டிக்கெட்டை 20 டாலருக்குள் வைக்க விரும்பியும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் பிடியால் முடியவில்லை என்று அமெரிக்க நீதித் துறையிடம் புகார் செய்தது. அதே நீதித் துறை, டிக்கெட்மாஸ்டரின் தாய் நிறுவனமான லைவ் நேஷன் மீது 2024 மே மாதம் வழக்குப் போட்டது. நடுவில் முப்பது வருஷம்.

விலை ஏறுவதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. 1966-இல் பாமோல், போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஒன்றைக் காட்டினார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு பொருளைச் செய்ய ஆகும் நேரம் குறையும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை இருநூறு வருஷம் கழித்தும் நான்கு பேர்தான், அதே நேரம் எடுத்துத்தான் வாசிக்க வேண்டும். வெளியே கூலி ஏற ஏற, அவர்களுக்கும் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். இதோடு எல்.இ.டி. திரை, ஒலி அமைப்பு, லாரிகள், பாதுகாப்பு, மைதான வாடகை. இன்னொரு பக்கம், கேசட்டிலும் சி.டி.யிலும் வந்த வருமானம் போய்விட்டது. இசை குழாய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், இனி கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடித்தான் பிழைக்க வேண்டும் என்று டேவிட் போவி 2002-லேயே சொன்னார். அப்படியேதான் நடந்தது. குற்றாலத்து அருவி மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் போனில் பாட்டு கொட்டுகிறது. ஆகவே கொட்டாத ஒன்றுக்கு, ஆளே வந்து நின்று பாடும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு, விலை போட்டார்கள்.

ஆனால் காசு கொடுத்தால் இடம் உறுதி என்பதுதானே டிக்கெட்டின் ஒரே வாக்குறுதி? 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் அதுவும் உடைந்தது. மழையால் ஆகஸ்டிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட கச்சேரி அது. ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் நெரிசலில் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மானே எழுத வேண்டியதாயிற்று. அன்று வெளியே நின்றவர்களின் படங்களைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர் வேலி ஓரம்தான் ஞாபகம் வந்தது. வரி கட்டியும் வெளியே நின்றவர்கள்.

*

சொல்ல வந்தது இதுதான். வரி நோட்டு சமமாக வாங்கியது, ஆனால் சிலரைச் சேர்க்கவில்லை. டிக்கெட் எல்லாரையும் சேர்த்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சமத்தை விட்டது. சாதியைக் கேட்காத கவுண்டர் இன்று சம்பளத்தைக் கேட்கிறது. கோபம் விலையின் மேல் மட்டுமல்ல. ஒரே பாட்டுக்கு ஒரே நேரத்தில் வாயசைத்த ஒரு கூட்டம் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று தடுப்புக் கம்பி வைத்துப் பிரிக்கப்படுவதன் மேல்தான்.

வேறு வழிகளும் இங்கேயே இருக்கின்றன. டிசம்பர் சீசனில் பல சபாக்களின் மதியக் கச்சேரிகளுக்கு இன்றும் டிக்கெட் கிடையாது. 2007-இல் சென்னை சங்கமம் பூங்காக்களுக்குப் பறையையும் கரகத்தையும் கொண்டுவந்தது. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களின் தெருவிலேயே கச்சேரி நடந்தது. பெரிய மைதானங்களிலும் மேடைக்கு முன்னால் ஒரு துண்டு நிலத்தைத் தரை டிக்கெட்டுக்கு ஒதுக்க முடியாதா? கொட்டகைக்காரர் செய்த கணக்குதானே அது?

நான் அந்த டிக்கெட்டை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், கடன் அட்டை இருந்தது. அம்மா வந்து பின்வரிசையில் நின்று, திரையில் தெரிகிற முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்போது பதினஞ்சு நாள் பீடியை மனசில் எண்ணிக்கொண்டே வருவாள் என்று தோன்றியது. அது தப்பான முடிவாகவும் இருக்கலாம். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

போன கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மெல்லிசைக் கச்சேரியில் ஒரு பெண் ரோஜா பாட்டைப் பாடினாள். ஸ்ருதி கொஞ்சம் விலகியது, கீபோர்டு ஒரு முறை நின்றுபோனது. அம்மா இரண்டாவது வரிசையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து வெளிச்சம் முடிகிற இடம் வரை நடந்தேன். வேலி ஓரத்தில் இன்றும் ஐந்தாறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு சின்னப் பையன் எல்லா வரியையும் சரியாகப் பாடிக்கொண்டிருந்தான்.

பாட்டு அங்கேயும் அதே மாதிரிதான் கேட்டது.