ஹை-ஃபை: ஒரு கையின் கதை

சுவாமிமலை பட்டறைகளில் நடராஜர் சிலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன் வலக்கை உள்ளங்கையைக் காட்டி நிமிர்ந்து நிற்கும். அதற்கு ஸ்தபதிகள் சொல்லும் பெயர் அபயம், அதாவது 'பயப்படாதே'. விரல்கள் கீழ்நோக்கி இருந்தால் வரதம். கூப்பிய கை அஞ்சலி. யானைத் துதிக்கை போலக் குறுக்கே நீள்வது கஜஹஸ்தம். மெழுகில் விரலை வளைக்கும்போதே பெயர் முடிவாகிவிடும். எல்லாம் சாஸ்திரப் பெயர்கள், ஒரு எழுத்து மாறாது.

அதே அபயக் கையை ஒரு கல்லூரி மாணவனிடம் காட்டிப் பாருங்கள். "மச்சி, ஹை-ஃபை!" என்பான். உண்மையில் அது 'ஹை ஃபைவ்'. உயரத் தூக்கிய ஐந்து விரல்கள், அவ்வளவுதான். நம்மூரில் கடைசி எழுத்து உதிர்ந்து, டேப்ரிக்கார்டர் மேல் எழுதியிருக்குமே, அந்த 'ஹை-ஃபை'யோடு கலந்துவிட்டது. (அது ஒலித் துல்லியத்தைக் குறிக்கும் சொல். கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!)

இந்த ஹை ஃபைவ் பிறந்ததாகப் பலரும் சொல்லும் நாள் 2 அக்டோபர் 1977. லாஸ் ஏஞ்சலஸ் பேஸ்பால் மைதானம். டஸ்டி பேக்கர் அந்த சீசனின் 30-வது ஹோம் ரன்னை அடித்துவிட்டு ஓடி வருகிறார். அடுத்து ஆட வேண்டிய க்ளென் பர்க் கையை உயரத் தூக்கி நிற்கிறார். பேக்கர் அதில் ஓங்கித் தட்டினார். இருவரும் கறுப்பினத்தவர். லூயிவில் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியும் 'நாங்கள்தான்' என்று உரிமை கோருகிறது, அது தனிக் கதை.

ஆனால் வேர் இன்னும் பழையது. கையைத் தாழ்வாக நீட்டித் தட்டிக்கொள்ளும் 'லோ ஃபைவ்' கறுப்பின மக்களிடம் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்தது. ஜாஸ் காலத்தில் அதற்குப் பேச்சுவழக்குப் பெயர் 'கிவ் மீ சம் ஸ்கின்'. கொஞ்சம் தோலைக் கொடு! தோல் நிறத்தை வைத்தே ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்த்துக்கு வைத்த பெயர் இது என்பதைக் கவனியுங்கள். க்ளென் பர்க் கதையும் சோகம்தான். ஒருபால் ஈர்ப்பாளர் என்பதால் ஓரங்கட்டப்பட்டு, விளையாட்டை இளம் வயதிலேயே விட்டு, 1995-ல் எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

பெயரில் பயமும் ஒளிந்திருக்கும். ஜூன் 2008-ல் ஒபாமாவும் மிஷேலும் மேடையில் முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொண்டார்கள். சாதாரண 'ஃபிஸ்ட் பம்ப்'. அமெரிக்க டிவி தொகுப்பாளர் ஒருவர் இது 'பயங்கரவாதிகளின் முஷ்டிக் குத்தா' என்று கேட்டுவைத்தார். பெரிய சர்ச்சையானது.

சரி, நம் காவிரிக் கரைக்கு வருவோம். இங்கே வாழ்த்து என்றால் கும்பிடுதான், தொடுதல் கிடையாது. பண்ணையாள் மிராசுதாரைப் பார்த்தால் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, எட்ட நின்று கும்பிட வேண்டும். எவ்வளவு தூரம் என்பதைச் சாதி முடிவு செய்தது. பதிலுக்கு ஒரு தலையசைப்பு கிடைத்தால் பெரிது. ஆதனூர் நந்தனார் திருப்புன்கூரில் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஆலய நுழைவுக்குச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே 1939-ல்தான்.

கைகுலுக்கல் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு நாம் வைத்த பெயர் அருமையானது: 'கை கொடு'. தமிழில் கைகொடுப்பது என்றால் உதவுவதும்தானே? "கையைக் கொடுங்க சார்!" என்பதில் பாராட்டும் பாசமும் சேர்ந்தே இருக்கிறது. ஹை-ஃபை அதன் தம்பி. அதில் மேல் கை, கீழ் கை கிடையாது.

2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் லண்டனில் இளவரசர் சார்லஸ் கைகுலுக்கப் போய், சட்டென்று நிறுத்திக் கும்பிட்டார். உடனே இங்கே "தொடாமல் வணங்கிய நம் முன்னோர் அறிவாளிகள்" என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பறந்தன. அந்த முன்னோர்களில் சிலர் ஏன் தொடவில்லை என்பதை எந்தச் செய்தியும் சொல்லவில்லை. இடுப்பில் துண்டு கட்டி நின்றவர்களின் பேரன் பேத்திகளிடம் கேட்டால் தெரியும்.