பொறுப்பைக் கைமாற்றுவதே தலைமை

இளைஞர்களுக்காக நாம் ஆண்டுதோறும் கருத்தரங்கும் தன்முனைப்பு முகாமும் பரிசளிப்பு விழாவும் நடத்துகிறோம். அவை வேண்டியவையே. ஆயினும் ஜெராய் மலையின் ஒருபுறம் யான் வட்டார நெல்வயல்களும் மறுபுறம் பீடோங், சுங்கை பட்டாணித் தோட்டங்களுமாக விரிந்த இந்தக் கெடா மண்ணின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை விளங்கும். நம் இளையோர் தலைநிமிர்ந்த காலங்களிலெல்லாம் அவர்கள் கையில் ஒரு பெரும்பொறுப்பு இருந்தது.

1943இல் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூருக்கு வந்தபோது மலாயாத் தமிழரில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் முன்னால் குனிந்து நிற்கப் பழக்கப்பட்ட அந்த மக்களின் பிள்ளைகளிடம் அவர் துப்பாக்கியையும் படைப்பிரிவையும் ஒப்படைத்தார். அவரது இந்திய தேசிய இராணுவத்தின் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் அணிவகுத்தனர். கோலாலம்பூரிலிருந்து பதினெட்டு வயதில் அதில் சேர்ந்த ஜானகி தேவர், படையின் துணைத் தளபதியாக உயர்ந்தார். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசு தோன்றியபோது அதன் தொடக்ககால உறுப்பினர்களுள் ஒருவராகவும் விளங்கினார். போரில் அந்தப் படை தோற்றது, அது வளர்த்த தன்மதிப்பு தோற்கவில்லை.

அந்தத் தன்மதிப்பைக் கெடாவில் ஏந்தி நின்றது தொண்டர் படை. போருக்குப் பின் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்டு தோட்டத்து ஏ. எம். சாமியின் தலைமையில் இளைஞர்கள் அணி திரண்டனர். சீருடை அணிந்து பயிற்சி செய்தனர். உழைத்த கூலியை உறிஞ்சிக்கொண்டிருந்த கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இல் மறியல் மோதலாக வெடித்தது, சாமி கைதானார், உயிரிழப்பும் நேர்ந்தது. குடித்தவர்களைத் தண்டிக்கும் அளவுக்கு அப்படை கடுமை காட்டியதும் உண்டு. அந்தக் கடுமையை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால் தங்கள் லயங்களின் சீர்கேட்டைத் தாங்களே களைய வேண்டும் என்று இருபது வயது பால்மரத் தொழிலாளி எண்ணினானே, அந்த எண்ணம் எந்தச் சொற்பொழிவாலும் வந்ததன்று. தோட்டத்துக்குள்ளிருந்தே எழுந்த ஒரு தலைவர் அவனைத் தோழனாக மதித்ததால் வந்தது.

அடுத்த பாடம் உடைமை பற்றியது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோறும் சென்று, மாதம் பத்து வெள்ளி கொடுத்து நூறு வெள்ளிப் பங்கு வாங்குங்கள் என்று தொழிலாளர்களிடம் எடுத்துரைத்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம். அவர் நிதி திரட்டி உதவித்தொகை வழங்கியிருந்தால் சில மாதப் பசி தீர்ந்திருக்கும். பங்குதாரராக்கியதால் கூலி வாங்கியவர்கள் முதலாளிகளாகவும் அமர்ந்தார்கள்.

கல்வியிலும் இதே வழியே பயன் தந்தது. டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களே தங்களுக்குப் பின்வரும் மாணவர்களுக்கு ஆசிரியர்களானார்கள். பாடம் கேட்டவர் பாடம் சொல்ல வந்தார். உதவி பெறுபவர், உதவுபவர் என்ற கோடு அங்கே அழிந்தது. 1950களின் தொடக்கத்தில் கோ. சாரங்கபாணி தம் தமிழ் முரசு நாளிதழில் மாணவர் மணிமன்றத்துக்குப் பக்கம் ஒதுக்கியதும் இத்தகைய நம்பிக்கைதான். பிள்ளைகள் எழுதினார்கள், அவர்களிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் கிடைத்தார்கள்.

இன்று தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் இடம்விட்டுவிட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் வேலை தேடும் பிள்ளைக்கும், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கும் தேவைகள் வேறு. பொறுப்பு வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. நாடு அவர்களை நம்பத் தொடங்கிவிட்டது. 2019இல் வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைக்க அரசமைப்பு திருத்தப்பட்டது. 2022 பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். அதே 2019இல் இளைஞர் அமைப்புச் சட்டமும் இளைஞர் வயது வரம்பை நாற்பதிலிருந்து முப்பதாகக் குறைத்துத் திருத்தப்பட்டது. நம் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் அந்த அளவுக்கு அவர்களை நம்புகின்றனவா?

திருவிழாவில் நாற்காலி தூக்கவும் அன்னதானத்தில் பரிமாறவும் இளைஞரை அழைக்கிறோம். வரவுசெலவு பேசும்போது வெளியே நிறுத்துகிறோம். இது மாற வேண்டும். ஒவ்வொரு நிர்வாகக் குழுவிலும் முப்பது வயதுக்குட்பட்ட ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமையுள்ள இடம் வேண்டும். செயலாளர், பொருளாளர் பொறுப்புகளுக்குத் துணைப் பதவி ஏற்படுத்தி, கணக்கேட்டையும் கையெழுத்து அதிகாரத்தையும் படிப்படியாகப் பழக்க வேண்டும். ஒரு திட்டத்தைப் பணத்தோடு முழுமையாக அவர்களிடம் விட வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்தலாம். பொறுப்பைப் பிடுங்கக் கூடாது. தொழிற்சாலைகளிலும் அரசு அலுவலகங்களிலும் அறிமுகமுள்ள பெரியவர்கள், எஸ்.பி.எம். முடித்த பிள்ளையைப் பயிற்சிக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். பதவிக்காலம் முடிந்த தலைவர்கள் ஆலோசகர்களாக அருகிருக்கட்டும்.

மூத்தோரின் அனுபவத்தை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த அனுபவம் அடுத்த கைக்குச் செல்லாவிட்டால் ஓர் ஆயுளோடு முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் நம் சங்கங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய தீர்மானம், எந்தப் பொறுப்பை எந்த இளைஞரிடம் ஒப்படைக்கிறோம் என்பதே.