குருதியா, நரம்பா? பூச்சிகளின் கடிகாரத்தைத் தேடிய கதை

விளக்கை அணைத்த சிறிது நேரத்திற்கெல்லாம் அடுப்படியில் கரப்பான்பூச்சி உலவத் தொடங்குவதை நாம் அனைவரும் அறிவோம். இருட்டிவிட்டதால் வெளியே வருகிறது என்றே எண்ணிக்கொள்கிறோம். ஆனால் இரவு பகல் தெரியாத தொடர் இருட்டில் வாரக்கணக்கில் அடைத்துவைத்தாலும், ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, தன் பொழுது வந்ததும் அது நடக்கத் தொடங்கிவிடும். அந்தி வந்ததை அறிவிக்கும் ஏதோ ஒன்று அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. அது எங்கே இருக்கிறது? கால்களுக்கு எவ்வழியாகச் செய்தி அனுப்புகிறது? குருதியில் கரைந்து பரவும் வேதிப்பொருளாலா, நரம்பில் ஓடும் துடிப்பாலா? சென்ற நூற்றாண்டின் நடுவில் இக்கேள்வி ஒரு பெரும் வழக்காகவே நடந்தது. தோற்றுப்போன சோதனைகளை எப்படி வாசிக்க வேண்டும் என்பதையும் அந்த வழக்கு நமக்குச் சொல்லித் தருகிறது.

குருதியின் பக்கம் முதல் சாட்சி சொன்னவர் போலந்து நாட்டின் ஸ்டெஃபான் கோபெச். ஜிப்சி அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுக்களை நூலால் இறுகக் கட்டியும், அவற்றின் மூளையை அகற்றியும் அவர் செய்த சோதனைகள் 1917-இலும் 1922-இலும் வெளியாயின. குறித்த ஒரு நாளுக்கு முன் மூளையை எடுத்துவிட்டால் புழு கூட்டுப்புழுவாவதில்லை. நரம்பு வடத்தை வெட்டினாலோ அம்மாற்றம் தடைப்படுவதில்லை. எனவே மூளை எதையோ குருதியில் கலக்கிறது என்றார் அவர். நரம்புத் திசு இயக்குநீர் சுரக்கும் என்பதை அக்காலத்தில் ஏற்றுக்கொள்ள ஆளில்லை. அக்கருத்து உலகெங்கும் வேரூன்றியதைக் காணும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. 1941-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் அவரைக் கொன்றனர்.

கோபெச் கண்டது வாழ்நாளில் ஒருமுறை நிகழும் மாற்றத்தை. நாள்தோறும் நிகழும் நடமாட்டத்துக்கும் இதே விளக்கம் பொருந்துமா என்று கேட்டவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேனட் ஹார்க்கர். 1954 முதல் 1956 வரை அவர் வெளியிட்ட ஆய்வுகளைப் படித்தால் இன்றும் வியப்புத் தோன்றும். ஒழுங்காக நடமாடும் கரப்பான் ஒன்றின் கால்களை நீக்கி, தாளம் இழந்த மற்றொன்றின் முதுகில் பொருத்தினார். இரண்டின் குருதியும் கலக்குமாறு செய்தார். மேலிருப்பதால் நடக்க முடியாது. கீழிருப்பதற்குப் பொழுது தெரியாது. ஆயினும் மேலிருந்ததன் நேரத்துக்குக் கீழிருந்தது நடந்ததாக ஹார்க்கர் அறிவித்தார். உணவுக்குழலுக்குக் கீழே உள்ள நரம்புத்திரளை எடுத்துத் தலையற்ற கரப்பானின் உடலில் வைத்தாலும் தாளம் திரும்புகிறது என்றார். அந்த நரம்புத்திரளே கடிகாரம், அது சுரக்கும் நீரே செய்தி என்பது அவர் கண்ட முடிவு. பாடநூல்கள் அதை விரைந்து ஏற்றுக்கொண்டன.

ஆனால் பிறர் அதே சோதனைகளைச் செய்தபோது அதே விடை கிட்டவில்லை. 1966-இல் ராபர்ட்ஸும் 1967-இல் ஜான் பிராடியும் ஹார்க்கரின் முடிவுகளைத் தம் கூண்டுகளில் காண இயலவில்லை. 1968-இல் நிஷிஇட்சுட்சுஜி-ஊவோவும் காலின் பிட்டெண்ட்ரிகும் கரப்பானின் கண்களை அடுத்துள்ள பார்வை மடல்களை மூளையிலிருந்து வெட்டிப் பிரித்தபோது நடமாட்டத் தாளம் அற்றுப்போயிற்று. கடிகாரம் இருப்பது பார்வை மடலில். செய்தி போவது நரம்பு வழி. வழக்கு முடிந்தது என்றே பலரும் கருதினர்.

இரண்டே ஆண்டுகளில் அது மீண்டும் திறக்கப்பட்டது. ஹார்வர்டில் ஜேம்ஸ் ட்ரூமனும் லின் ரிடிஃபோர்டும் இரண்டு பட்டுப்பூச்சி இனங்களை எடுத்துக்கொண்டனர். அமெரிக்கச் செக்ரோப்பியா, விடிந்த சிறிது நேரத்தில் கூட்டை விட்டு வெளிவரும். சீனத்து ஓக் பட்டுப்பூச்சியோ அந்தி சாய்வதற்குச் சற்று முன் வெளிவரும். மூளையை அகற்றிய பூச்சிகளும் வெளிவந்தன. ஆனால் கண்ட நேரத்தில் வந்தன. எடுத்த மூளையை, ஒரு நரம்பும் இணையாமல், அதே பூச்சியின் வயிற்றுக்குள் வைத்தபோது நேரம் திரும்பியது. பிறகு மூளைகளை இனம் மாற்றி வைத்தார்கள். சீனப் பூச்சியின் மூளையைத் தாங்கிய செக்ரோப்பியா அந்திப்பொழுதில் வெளிவந்தது. செக்ரோப்பியாவின் மூளையைத் தாங்கிய சீனப் பூச்சி காலையில் வந்தது. நரம்புத் தொடர்பில்லாத மூளை பேசுவதற்குக் குருதி ஒன்றுதான் வழி. 1970-இல் வெளியான இவ்வாய்விலிருந்து கூடு துறத்தலைத் தூண்டும் இயக்குநீர் அறியப்பட்டது. வயிற்றை முறுக்கி நெளித்துக் கூட்டிலிருந்து விடுபடும் அசைவுகளின் வரிசை முழுவதையும் அந்நீரே தொடக்கிவைக்கிறது.

அடுத்த சாட்சி பழ ஈ. 1971-இல் ரொனால்ட் கொனோப்காவும் சீமோர் பென்சரும், மரபணுவைத் திரிக்கும் வேதிப்பொருளொன்றை ஈக்களுக்கு ஊட்டி, அவற்றின் வழித்தோன்றல்களில் கடிகாரம் பிறழ்ந்தவற்றைத் தேடினர். 19 மணி நேர நாளுடைய ஈ, 28 மணி நேர நாளுடைய ஈ, நாளே இல்லாத ஈ என மூன்று வகை கிட்டின. மூன்றும் ஒரே மரபணுவின் பிறழ்வுகள். 1979-இல் ஹேண்ட்லரும் கொனோப்காவும், 19 மணி நேர ஈயின் மூளையை, தாளமே இல்லாத ஈயின் வயிற்றில் வைத்தனர். எல்லாவற்றிலும் பலிக்கவில்லை, சிலவற்றில் மட்டும், தாளமற்ற ஈ குறுகிய நாளுக்கேற்ப நடமாடியது. ஹார்க்கர் கரப்பானில் கண்டதாகச் சொன்னது ஈயிடம் கிடைத்தது. அந்த மரபணுவின் செயலை மூலக்கூறு அளவில் விளக்கியதற்காக ஹால், ராஸ்பாஷ், யங் ஆகியோர் 2017-இல் நோபல் பரிசு பெற்றபோது கொனோப்கா உயிருடன் இல்லை. அவர் 2015-இலேயே காலமாகிவிட்டார்.

கரப்பானின் கதை வேறு திசையில் சென்றது. 1982-இல் டெர்ரி பேஜ், வெவ்வேறு நீளமுள்ள நாட்களில் வளர்ந்த கரப்பான்களின் பார்வை மடல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வைத்தார். தாளம் உடனே வரவில்லை. நான்கு முதல் எட்டு வாரங்கள் கழித்து வந்தது. வந்தபோது கொடுத்த பூச்சியின் தாளமாக வந்தது. இந்தத் தாமதத்தின் பொருளை நாம் கவனிக்க வேண்டும். குருதி மட்டும் போதுமானால் காத்திருக்கத் தேவையில்லை. நரம்பிழைகள் புதிதாக முளைத்து உரிய இடத்தை எட்டும்வரை கடிகாரம் வாய்மூடிக் கிடந்திருக்கிறது.

அப்படியானால் வென்றது நரம்பா? அந்த இழைகள் எவை என்று பார்த்தபோதுதான் வழக்கின் உண்மையான முடிவு தெரிந்தது. இறால், நண்டு ஆகியவற்றின் தோலிலும் கண்ணிலும் நிறமிகளைப் பரவச்செய்யும் இயக்குநீர் ஒன்று உண்டு. 18 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரடு அது. அதற்கு நெருங்கிய உறவான பொருளே கரப்பானின் பார்வை மடலை ஒட்டிய நரம்பணுக்களிலும் இருந்தது. மாற்றி வைத்த மடலிலிருந்து அவ்வணுக்களின் இழைகள் மீண்டும் வளர்ந்தபோது தாளமும் மீண்டது என்று 1994-இல் ஸ்டெங்கலும் ஹோம்பெர்கும் காட்டினர். 1997-இல் அப்பொருளைக் கடிகாரப் பகுதிக்கு அருகில் செலுத்தியபோது கரப்பான் உலாவப் புறப்படும் நேரமே இடம்பெயர்ந்தது. 1999-இல் அதே பொருளைச் செய்ய இயலாத ஈக்கள் தொடர் இருட்டில் சில நாட்களுக்குள் பெரும்பாலும் தாளம் இழந்தன.

நரம்பின் வழியேதான் செய்தி போகிறது. ஆனால் போகும் செய்தி வேதிப்பொருள். குருதியில் கலப்பது ஊரெங்கும் தண்டோரா போடுவதைப் போன்றது. நரம்பிழையின் முனையில் சுரப்பது உரியவர் கையில் ஓலையைச் சேர்ப்பதைப் போன்றது. வாழ்வில் ஒருமுறை கூடு துறக்கத் தண்டோரா போதும். இரவுதோறும் உலாவப் புறப்படும் கரப்பானுக்கோ ஓலை வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் ஹார்க்கரை எங்கே வைப்பது? அவர் சுட்டிய நரம்புத்திரள் கடிகாரம் அன்று. அவர் சோதனைகளைப் பிறரால் திரும்பச் செய்ய முடியவில்லை. இதை மறைத்து அவரைத் தீர்க்கதரிசி ஆக்குவது நேர்மையாகாது. ஆயினும், நடமாட்டத்தின் நேரத்தை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்ற முடியுமா என்ற அவருடைய கேள்வியைத்தான் பின்வந்த கத்திகள் ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் கேட்டன. ராபர்ட்ஸும் பிராடியும் அவர் விடையை மறுத்தது பழிப்பதற்காக அன்று. அந்தக் கேள்வியைப் பொருட்படுத்தியதால்தான். அறிவியலில் ஒருவருக்குச் செய்யும் மரியாதை அவர் சோதனையை மறுபடி செய்து பார்ப்பதே. பாடநூல்கள் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள்.