அரிமானவியல் விருதுகளும் மண்டபம் கடற்கரையும்

உலோகம் தன் சூழலோடு வினைபுரிந்து சிதைவதே அரிமானம். இரும்பில் அது துருவாக வெளிப்படும். அதைத் தடுப்பவரின் வெற்றி கண்ணுக்குப் புலனாகாது. பாலம் பழுதின்றி நிற்பதே அதற்குச் சான்று. இத்தகைய துறையில் விருதுகள் எவற்றை நினைவில் நிறுத்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அமெரிக்காவில் 1943இல் தோன்றிய தேசிய அரிமானப் பொறியாளர் சங்கம் 1947இல் விட்னி விருதை நிறுவியது. இரும்பின் அரிமானம் மின்வேதி நிகழ்வே என 1903இல் எழுதியவர் வில்லிஸ் விட்னி. அக்கருத்துக்குக் கேம்பிரிட்ஜில் சோதனைவழி வலுச்சேர்த்த யு. ஆர். எவன்ஸ் (1889–1980) பெயரில் பிரித்தானியாவிலும் ஒரு விருது உண்டு. இரண்டும் கோட்பாடு கண்டவர்களின் பெயர் தாங்கியவை.

தமிழகத்தின் பங்களிப்பு வேறு வகையினது. அழகப்பச் செட்டியாரின் கொடையால் உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 25.7.1948 அன்று நேரு அடிக்கல் நாட்டினார், 14.1.1953 அன்று அது திறக்கப்பட்டது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்திற்கு அண்மையிலுள்ள மண்டபத்தில், அந்நிலையம் உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் உப்புக்காற்றில் வைத்துச் சோதித்தது. இத்தகைய சோதனைகள் ஆண்டுக்கணக்கில் நீள்பவை. தகட்டை நிறுவியவர் ஒருவராகவும் அதன் எடை இழப்பை அளந்தவர் மற்றொருவராகவும் இருத்தல் கூடும். அத்தரவு எவர் பெயருக்கும் தனியுரிமை ஆவதில்லை.

எனவே விருதுப் பட்டியல்களை மட்டும் கொண்டு அரிமானவியலின் வரலாற்றை எழுதினால், கூட்டுழைப்பாலான கடற்கரைச் சோதனைகள் அதில் இடம்பெறா. தமிழக அறிவியல் வரலாற்றுக்கு அச்சோதனைப் பதிவேடுகளும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை.