பால் வெட்டியவர்களின் ஈறு

பேராக்கின் ரப்பர் வரலாறு 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு தொடங்குகிறது. பால்மரம், லயத்து வீடு, கங்காணி, கிராணி, கூலிப் போராட்டம் எல்லாம் அதில் உண்டு. பால் வெட்டியவரின் வாய் மட்டும் இல்லை. அந்தத் தலைமுறையின் ஆடிய பற்களைப் பற்றிப் பேச்சு வந்தால், வெற்றிலை போட்டே கெடுத்துக்கொண்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இந்த விளக்கம் போதாது. ஆடும் பல்லுக்குப் பின்னால் உடம்பின் சொந்தக் காவல்படையும், தோட்டத்தை எட்டாத பல் மருத்துவமும் இருக்கின்றன.

இதற்கு வலுவான சான்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கிடைக்கிறது. ஹரால்ட் லோயெ தலைமையிலான குழு 1970-இல் 480 தமிழ்த் தொழிலாளர்களின் ஈறுகளை அளந்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பல் மருத்துவத்தையே அறியாதவர்கள் அவர்கள். எல்லார் பல்லிலும் காரை, எல்லார் ஈற்றிலும் வீக்கம்; சொத்தை மிகக் குறைவு. வாயின் நிலை ஒன்றாக இருந்தும் முடிவு ஒன்றாக இல்லை. 1986-இல் வெளியான கணக்கின்படி, 8 சதவீதத்தினருக்கு 35 வயதிலேயே ஈற்றின் பிடி சராசரியாக 9 மில்லிமீட்டர் இறங்கிவிட்டது. 81 சதவீதத்தினருக்கு அது 4 மில்லிமீட்டர். மீதி 11 சதவீதத்தினருக்கு 1 மில்லிமீட்டர்கூட இறங்கவில்லை. பழக்கமே எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தால் இவர்கள் எப்படித் தப்பினார்கள்?

விடை ஈற்றுக்குள் இருக்கிறது. பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் ரத்தத்திலிருந்து ஓயாமல் அதற்குள் வந்து, பல்மேல் படியும் கிருமிப்படலத்துக்கு எதிரே மதில்போல் நிற்கின்றன. படலம் அகலாமல் காரையாக இறுகினால், மேக்ரோஃபேஜ், டி அணு, பி அணு என்று அடுத்தடுத்த படைகள் வந்து குவிகின்றன. எதிரியை விரட்ட முடியாத படை சொந்த ஊரையே அழிக்கிறது. நியூட்ரோஃபில் கக்கும் நொதிகள் பல்லைத் தாடையோடு கட்டியிருக்கும் நார்களைக் கரைக்கின்றன. டி, பி அணுக்கள் வெளியிடும் ரேங்க்-எல் என்ற புரதம் எலும்பைத் தின்னும் அணுக்களை எழுப்பிவிடுகிறது. இந்தச் சேதம் எவ்வளவு என்பது உடம்புக்கு உடம்பு மாறும்.

அப்படியானால் பல் துலக்கிப் பயனில்லையா? உண்டு. 1965-இல் டென்மார்க்கில் நடந்த சோதனையில் 12 பேர் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது, மீண்டும் துலக்கியதும் ஆறியது. கிருமிப்படலம் இல்லாமல் படை திரளாது. புகையிலை சேர்ந்த வெற்றிலையும் கெடுதிதான், வாய்ப்புற்றையும் கொண்டுவரும். தேயிலை மலையின் கணக்கு ரப்பர் தோட்டத்துக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். சதவீதங்களை அப்படியே தூக்கிவைக்கக் கூடாது. ஆனால், கங்காணிகள் தமிழகத்திலிருந்து கூட்டிவந்த மக்கள்தாம் இரண்டு இடத்திலும் லயங்களில் வாழ்ந்தார்கள். ஈறு இயங்கும் விதம் கடல் தாண்டினால் மாறிவிடாது.

தோட்டத்து டிரெசர் காய்ச்சலுக்கு மருந்து தந்தார், காயத்துக்குக் கட்டுப் போட்டார். காரை சுரண்டுவது அவர் வேலையல்ல. 1949-இல் பினாங்கில் தொடங்கிய பல் தாதியர் பயிற்சிப் பள்ளியின் நோக்கம் பள்ளிப் பிள்ளைகள். பெற்றோர் பல் மருத்துவரைப் பார்க்க ஈப்போ போன்ற பட்டணத்துக்குத்தான் போகவேண்டும். அதற்கு ஒருநாள் கூலியை விடவேண்டும். வேப்பங்குச்சி பல்லின் மேலே தேய்க்கும். ஈற்றுக்கடியில் இறுகிய காரையை எட்டாது. அதை எடுக்க ஓர் ஆளை அனுப்பாத தோட்ட நிர்வாகத்தின் கணக்கையும் சேர்த்துப் படிக்காமல், பழியை வெற்றிலைப் பெட்டியின்மேல் மட்டும் போடுவது நியாயமல்ல.