தருமபுரியில் மழைக் கணிப்பு: பஞ்சாங்கம் முதல் வானிலை மையம் வரை

தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலம் அதிகம். ராகியும் சாமையும் விதைத்தவர்கள் முன்பு பஞ்சாங்கத்தைத்தான் கேட்டார்கள். சித்திரையில் அதைப் படிக்கும்போது, இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்பார்கள். எந்த ஊரில், எந்த நாளில் என்று அதில் இராது. ஆகவே பலித்ததா என்று சரிபார்க்கவும் வழியில்லை.

1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பருவமழை பொய்த்ததும் நாடு முழுவதற்கும் ஒரே துறை தேவை என்பதை உணர்த்தின. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம். அன்று தருமபுரி சேலம் மாவட்டத்தில் இருந்தது.

துறை இருந்தால் மட்டும் போதாது, அறிவிப்பை முழுதாகப் படிக்கவும் வேண்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தலைப்புச் செய்தியோடு நின்றவருக்கு ஆபத்து அத்துடன் முடிந்ததாகவே தோன்றும். டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ., ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை கொட்டியது. (ஊத்தங்கரையும் 2004 வரை தருமபுரி மாவட்டமே.)

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பில் மாவட்டப் பெயரும் வெளியிட்ட நேரமும் இருக்கும். தனியார் கணிப்பாளர்களில் சிலர் நன்றாக விளக்குகிறார்கள், அவர்களையும் படிக்கலாம். தேதியில்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றும் வரைபடம் போன வருடத்துப் புயலுடையதாகவும் இருக்கலாம்.

ஒகேனக்கல் வெள்ளத்துக்கு இவையும் போதா. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் நீர்த்திறப்பையும், பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தையும் பார்க்க வேண்டும்.