ஐம்பத்தைந்துக்குப் பின் வந்த வியாபாரம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் உழைத்தவர்களுக்கு 55 வயது ஆனதும் இரண்டு செய்திகள் சேர்ந்து வரும். ஊழியர் சேமநிதியில் கிடக்கும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் வேறு யாராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அங்கே தொடர்ந்து இருக்க முடியும். கையில் காசு வரும் மாதத்திலேயே கூரை போய்விடும்.

இந்த மாநிலத்துத் தமிழர்களின் வியாபார வரலாற்றைப் பேசுகிறவர்கள் செட்டியார்களின் வட்டிக்கடையில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் தமிழ் முஸ்லிம்களின் மளிகைக் கடையில் தொடங்குவார்கள். நான் அந்த 55 வயதில் தொடங்குகிறேன். என் அம்மா அந்த வயதில்தான் வியாபாரியானார். நானும் 56 வயதில்தான் ஆனேன்.

பால்மரத்தின் கதை அதற்கு வெகு முன்பே தொடங்கியது. 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் சிலவற்றைக் கோலகங்சாரில் தம் இல்லத் தோட்டத்தில் நட்டு வளர்த்தார், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பருக்கு விலை ஏறியபோது காடுகள் தோட்டங்களாயின. மரம் சீவ ஆள் வேண்டும் என்று கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய்ச் சொந்தபந்தங்களைத் திரட்டி வந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. கங்காணி ஆள்கட்டும் முறையும் 1938-இல் இந்திய அரசு தடை போட்டதோடு நின்றது.

வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் தோட்டமே கொடுத்தது. லயம், குழாயடி, கோயில், பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள்ளேயே இருந்தன. மளிகைக் கடைக்காரர் கடனை 555 என்ற சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துச் சம்பள நாளில் கழித்துக்கொள்வார். தோட்டத்துத் தமிழர் எல்லாருக்கும் வாடிக்கையாளராக இருந்தார். கடைக்காரராக அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனாலும் வியாபாரம் அவருக்குத் தெரியாமல் போய்விடவில்லை. 1934-இல் பிறந்த என் அம்மாவை வைத்தே இதைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் மரம் சீவினார். விடிவதற்கு முன் பெரட்டில் பேர் கொடுப்பது, பிறகு நிரை நிரையாகச் சீவல், மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் வழித்தெடுத்து ஸ்டோருக்குச் சுமந்து வந்து நிறுவை. மதியத்துக்குள் தோட்டத்து வேலை முடிந்துவிடும். அதன் பின் அம்மாவின் சொந்த வேலை ஆரம்பிக்கும். இரண்டு கறவை மாடுகள். தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டுக்கும் மருந்தகத்து டிரெசர் வீட்டுக்கும் மாதக் கணக்கில் பால். லயத்துக்குப் பின்னால் வெண்டை, கத்தரி, முருங்கை. தீபாவளிக்கு விற்பதற்கென்றே வளர்த்த ஆடுகள்.

இதோடு பெண்கள் சேர்ந்து கட்டிய கூட்டு. மாதாமாதம் ஆளுக்கு ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வது. கூட்டு நடத்துவதைத் தொழிலாக வைத்துப் பலர் பணத்தைச் சுருட்டியதால் 1971-இல் அதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் வங்கி எட்டாத லயங்களில் பெண்களுக்கு மொத்தப் பணம் பார்க்க வேறு வழி இருக்கவில்லை. யார் எந்த மாதம் எடுத்தார், யார் பாக்கி, யாருக்குப் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் மனத்தில் பிசகாமல் இருந்தது.

முதல், கடன், வாடிக்கை, நாணயம் நான்கையும் அவர் அங்கேயே கற்றுக்கொண்டார். இல்லாமல் போனது சொந்தமாக ஓர் இடம். மாடு கட்டிய நிலமும் தோட்டத்துடையது. ஒரு பலகை போட்டு உட்காரவும் துரையின் அனுமதி வேண்டும்.

அந்த இடமும் ஆட்டங்கண்டது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி பங்குப் பணம் கேட்டார். அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அம்மாவும் பங்கு போட்டார். 1969-க்குப் பின் வேலை பெர்மிட் கட்டாயமானபோது குடியுரிமை இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறினார்கள். தங்கியவர்களின் கண்ணெதிரே பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது. 1985-இல் ஈய விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களான லம்பங்களும் மூடப்பட்டன. ஈப்போவில் வேலை தேடி வந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கெட்ட காலம்.

அம்மாவுக்கு 1989-இல் 55 ஆனது. ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது. தோட்டத் தொழிலாளியின் சிறு சம்பளத்திலும் அது பிடித்து வைத்ததால்தான் அவர் கையில் ஒரு தொகை இருந்தது. அதை மூன்றாகப் பிரித்தார். ஒரு பங்கு ஈப்போ புந்தோங்கில் வாடகை வீட்டுக்கு. ஒரு பங்கு தொழிலுக்கு. மூன்றாவது பங்கு தேசிய சேமிப்பு வங்கிக்குப் போனது. என் தம்பி கேட்டும் அதை அவர் தொடவிடவில்லை.

புந்தோங்கில் குடியேறியது அவர் பாக்கியம். வயதான காலத்தில் தொழில் கற்க அதைவிட நல்ல ஊர் பேராக்கில் இல்லை. பாரதியார் பிறந்த எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே கடலை வறுத்து வாழ்ந்தன. அதனாலேயே அந்தக் குடியிருப்புக்குக் கம்போங் காச்சாங் பூத்தே என்று பேர். கொண்டைக்கடலையையும் பட்டாணியையும் ஊறவைத்து, உப்பேற்றி, வறுத்து, முறுக்கும் ஓமப்பொடியும் சேர்த்துத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து சினிமாக் கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் விற்ற காலம் ஒன்று இருந்தது. ஆண்கள் விற்கப் போவார்கள். வீட்டில் பெரியவர்கள் வறுப்பார்கள். எழுபது வயதுப் பாட்டிக்கும் அந்தத் தொழிலில் ஒரு வேலை இருந்தது. இன்று அதே பண்டங்கள் பிளாஸ்டிக் பொட்டலங்களில் நாடு முழுக்கப் போகின்றன.

கடலை வறுப்பதில் போட்டி போட அம்மா விரும்பவில்லை. இடியாப்பம் பிழிந்தார். அரிசி மாவை வறுத்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து, பின்னல் தட்டுகளில் வைத்து ஆவியில் அவித்தெடுப்பார். தேங்காய்த் துருவலும் சிவப்புச் சீனியும் தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பார். மலாய்க்காரர்களும் சீனர்களும் வாங்கினார்கள். வைகறை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவது எவருக்கும் பெரிய பாடு. நாற்பது வருடம் பெரட்டுக்கு எழுந்த உடம்புக்கு அது பழகிய நேரம். தோட்டம் அவரிடம் வாங்கிக்கொண்டது நிறைய. திருப்பிக் கொடுத்தது இந்த ஒரு பழக்கம்.

சாலையோரத்தில் நிற்கக் கூடாது என்று அவரைச் சில முறை விரட்டியிருக்கிறார்கள். உரிமம் எங்கே எடுப்பது, எந்தப் பாரத்தை நிரப்புவது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் நடந்த தொழில் அது. ஒரு காகிதத்திலும் அதன் பேர் இல்லை. ஆகவே எந்த வங்கிக்கும் அவர் வியாபாரி இல்லை.

தொழிற்சாலை வேலையை விட்டு 2018-இல் நான் மசாலாத்தூள் அரைத்து விற்கத் தொடங்கியபோது முதலில் செய்தது அந்தக் காகிதத்தைத்தான். நிறுவன ஆணையத்தில் கடைப் பேருக்கு ஆண்டுக்கு 60 வெள்ளி கட்டிப் பதிந்தேன். உணவு கையாளும் பயிற்சிக்குப் போனேன். டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டேன். மல்லி, மிளகாய், சீரகம், சோம்பை வெயிலில் காயவைத்து மாவு மில்லில் அரைப்பதெல்லாம் அம்மாவின் கைப்பக்குவம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஊர் அடைந்து கிடந்தபோது, பல வீடுகளில் வேலையிழந்தவர்கள் சமையலறையையே கடையாக்கினார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. அந்த ஆண்டுதான் என் கணக்குப் புத்தகம் நிமிர்ந்தது.

இன்று வழிகள் கூடியிருக்கின்றன. தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி திட்டம் இந்தியச் சிறு வியாபாரிகளுக்கென்றே கடன் தருகிறது. 2013 ஜூலை முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகிவிட்டது. ஆனால் சேமநிதிப் பணம் 55-இல் கையில் கிடைக்கும் என்பது மாறவில்லை. அந்தப் பணத்தோடு நிற்கிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று. மொத்தத்தையும் தொழிலில் போடாதீர்கள். முதல் நாளே பதிந்துகொள்ளுங்கள். வரவு செலவை அன்றன்றே எழுதுங்கள்.

அவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எந்த வருடம் லயத்தை விட்டார், எந்தச் சந்தில் என்ன விற்றார், எவ்வளவு முதல் போட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். கம்பெனிகளின் கணக்குகள் பத்திரமாக இருக்கின்றன. லயத்துப் பெண்களின் கணக்கு அவர்கள் மனத்தில் மட்டுமே இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதாவிட்டால் பேராக்கின் பொருளாதார வரலாறு பாதியோடு நின்றுவிடும்.